நாளை வருமாம்

ஐசாலில் ஞாயிற்றுக்கிழமை மெய்யாகவே ஓய்வுநாள். கடைகள் திறப்பதில்லை. மலைச்சரிவெங்கும் அடுக்கடுக்காக நிற்கும் வீடுகளிலிருந்து மக்கள் தேவாலயத்திற்குச் செல்வதும் திரும்புவதுமே அன்றைய நடமாட்டம். 2025 ஜூன் 15ஆம் நாள், அத்தகைய ஒரு ஞாயிறு முற்பகல் 11.40 மணிக்கு, அந்நகரில் வாடகை அறையொன்றில் தங்கியிருந்த மொழியியல் ஆய்வு மாணவி ஒருவரின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. ஆங்கிலத்தில் வந்த அதைத் தமிழில் சொல்வதானால் இப்படி இருக்கும்: ‘ஒப்படைக்க முயலப்பட்டது. வாடிக்கையாளர் இல்லை.’ வாடிக்கையாளர் அப்போது சன்னலோரம் அமர்ந்து, தெருவில் ஒரு வண்டியும் வராததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எதிர்பார்த்திருந்தது ஓர் ஒலிப்பதிவுக் கருவியையும் அதனுடன் பொருத்தும் ஒலிவாங்கியையும். மே 28 அன்று இணையத்தில் ஆர்டர் செய்தார். ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று வரும் கண்டிஜென்சி நிதி அதற்குப் போதவில்லை. எஞ்சியதை உதவித்தொகையிலிருந்து போட்டார். ஜூன் 7ஆம் தேதிக்குள் வந்துவிடும் என்று விற்பனைப் பக்கம் சொன்னது. அந்தத் தேதியை நம்பித்தான் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் நடந்தன. மிசோரமின் தென்கோடியில் சியாகா மாவட்டத்தில் வழங்கும் மாரா மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மூதாட்டி ஒருவர், கண்புரை அறுவைக்காக ஐசாலுக்கு வந்து மகள் வீட்டில் தங்கியிருந்தார். ஜூன் 19 அன்று ஊர் திரும்புவதாக இருந்தது. நெசவுத்தறியின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவரிடம் ஒரு சொல் இருந்தது. அவற்றில் பலவற்றை அருகிலிருந்த மகளே அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். மாரா தொனிமொழி; ஒரே ஒலித்தொடர் தொனி மாறினால் வேறு சொல்லாகிவிடும். அப்படிப்பட்ட மொழியில் சொற்பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு வருவது பாதி வேலைகூட ஆகாது.

தாமதம் ஏன் நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்வது கடினமன்று. லித்தியம் மின்கலம் உள்ள பொருள்களை வானூர்தியில் ஏற்றுவதற்குத் தனி விதிகள் இருப்பதால் பல கூரியர் நிறுவனங்கள் அவற்றைத் தரைவழியே அனுப்பிவிடுகின்றன. தில்லிப் பக்கத்திலிருந்து புறப்படும் பார்சல், வடகிழக்கை நாட்டின் பிற பகுதியோடு இணைக்கும் சிலிகுரியின் ஒடுங்கிய நிலப்பட்டையைக் கடந்து, குவாகாத்தி வந்து, மேகாலயா மலைகளின் வழியே சில்சர் சேர்ந்து, அங்கிருந்து வைரெங்தே வழியாக மிசோரமுக்குள் ஏற வேண்டும். இடையிலுள்ள சோனாப்பூர் மழைக்காலத்தில் மண்சரிவுக்குப் பெயர்போன இடம். ஐசாலுக்கு அருகிலுள்ள சாய்ராங் வரை இரயில் பாதை அப்போது திறக்கப்பட்டிருக்கவில்லை; அது செப்டம்பர் 13 அன்றுதான் திறக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் லாரி நான்கு நாள் பிந்துவதை அங்கே யாரும் குறையாகக் கொள்வதில்லை. மாணவியும் கொள்ளவில்லை. சாலை சரிந்தது என்று ஒரு வரி வந்திருந்தால் அவர் வேறு கருவியைக் கடன் வாங்கியிருப்பார். குவாகாத்தியில் நண்பர்கள் இருந்தார்கள்.

வந்த வரிகள் வேறு வகையானவை. ஆர்டர் செய்த நாள் முதல் அந்த ஞாயிறு வரை வந்த 17 நிலைச்செய்திகளையும் அவர் தொழிற்பழக்கத்தால் ஓர் அட்டவணையில் படியெடுத்து வைத்திருந்தார். ‘அனுப்பப்பட்டது’, ‘மையத்தில் பெறப்பட்டது’, ‘மையத்திலிருந்து புறப்பட்டது’, ‘எதிர்பாராத காரணத்தால் தாமதமாகியுள்ளது’. செயப்பாட்டு வினையில் வினைமுதல் மறைவது புதிய செய்தியன்று. அரசாணைகளும் ஆய்வுக்கட்டுரைகளும் அதில்தான் வாழ்கின்றன. தமிழில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. ‘வந்தேன்’ என்றால் ‘நான்’ மறைந்திருந்தாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். இச்செய்திகளிலோ காட்டிக்கொடுக்க எதுவுமில்லை. பார்சல் தானே பெறப்பட்டு, தானே புறப்பட்டு, தானே தாமதமாகிறது. ஆனால் அட்டவணையில் அவரை உறுத்தியது அதுவன்று. 17 செய்திகளிலும் மனிதரைக் குறிக்கும் பெயர்ச்சொல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: வாடிக்கையாளர். அதுவும் கடைசியில், ‘இல்லை’ என்பதற்கு எழுவாயாக. விற்றவர், கட்டியவர், ஏற்றியவர், ஓட்டியவர் எவரும் இல்லாத ஒரு நெடுங்கதையில் வரும் ஒரே மனிதர் குற்றவாளியாக வருகிறார்.

ஒவ்வொரு நாள் இரவும் ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்பார். “மெஷின் வந்துச்சா கண்ணு?” இவர் சொல்லும் விடையும் மாறுவதில்லை: “நாளைக்கு வருமாம்மா.” பத்தாம் நாளோ பதினோராம் நாளோதான் தாம் சொன்னதைத் தாமே கேட்டார். பக்கத்தில் இருந்தது ‘நாளை வரும்’. அதில் ஓர் ‘ஆம்’ சேர்த்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கண்டறிந்ததையும் கேட்டறிந்ததையும் பிரித்துக் காட்டும் சிற்றுருபு அது. திபெத்திய-பர்மிய மொழிகள் பலவற்றில் இதற்கு விரிவான அமைப்புகளே உண்டு. ‘வருமாம்’ என்பவர் தம் பொறுப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். சொன்னவர் வேறொருவர், தாம் கடத்துபவர் மட்டுமே. நிலைச்செய்தியின் ‘வரும்’ யாரோ கண்ணால் கண்டு உரைத்ததுபோல ஒலிக்கிறது. உண்மையில் அது முன்னம் ஒருமுறை எங்கோ ஒரு பட்டைக்குறி படிக்கப்பட்டதிலிருந்து கணிக்கப்பட்ட ஊகம். மறுநாள் காலை ஊகம் பொய்த்தால் தேதி சத்தமின்றி ஒரு நாள் நகர்ந்துவிடும். நேற்று என்ன சொல்லப்பட்டது என்பதற்குத் தடமே இருக்காது. மாணவி திரைப்படம் பிடித்து வைக்கத் தொடங்கியது அதனால்தான். (திரையைப் பிடித்த படம் என்று கொள்க, இச்சொல்லுக்கு வேறு பொருளும் இருப்பது தமிழின் பிழையன்று.)

மிசோ ஊர்களில் ‘த்லாங்காவ்’ என்றொருவர் உண்டு, ஊருக்குச் செய்தி கூவி அறிவிப்பவர். முன்பு குன்றின் மேல் நின்று கூவியது இன்று ஒலிபெருக்கியில் நடக்கிறது. மாணவி இருந்த பகுதியிலும் இரவு நேரத்தில் அந்தக் குரல் வரும். இறப்பு, கூட்டம், தண்ணீர் வரும் நேரம். தண்ணீர் சொன்ன நேரத்திற்கு வராத நாளும் உண்டு. அப்போது வீட்டு உரிமையாளர் அம்மாள் படியிறங்கிப் போய், அறிவித்தவரிடமே கேட்டு வருவார். என்ன விடை கிடைத்தாலும் கேட்டுவிட்டு வந்தவரின் முகம் தெளிந்திருக்கும்.

முகவரியே சிக்கலோ என்றும் மாணவி ஐயுற்றார். அஞ்சல் குறியீட்டெண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்த சிறீராம் பிகாஜி வேலன்கர் ஒரு வடமொழிப் புலவரும்கூட. ஒரே பெயருள்ள ஊர்களும் பல மொழி எழுத்துகளும் உண்டாக்கிய குழப்பத்தை ஆறு இலக்கங்களில் அடக்கியது மொழியறிஞர் ஒருவருக்குத் தகுந்த வேலைதான். அதில் 7 என்ற முதல் இலக்கம் கொல்கத்தா, புவனேசுவரம், ஐசால், அந்தமான் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுட்டுகிறது. 2025 மே மாதம் அஞ்சல் துறை வெளியிட்ட டிஜிபின், நாட்டையே ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. ஐசாலில் அந்தச் சதுரமும் தடுமாறும். மேல்தெருவிலிருந்து நுழைந்தால் ஐந்தாம் மாடியும் கீழ்த்தெருவிலிருந்து நுழைந்தால் தரைத்தளமும் ஒரே சதுரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. குறியீட்டில் உயரம் இல்லை. ஆயினும் தேவாலயத்திற்குக் கீழே மூன்றாம் படிக்கட்டு என்று எழுதிய முகவரிக்கு அவருடைய நூல்கள் அஞ்சலில் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தன.

ஞாயிறு செய்திக்குப் பிறகு அவர் புகார் எழுதினார். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்திற்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். ஒப்புகை இரண்டே நிமிடங்களில் வந்துவிட்டது. எந்திரம் அனுப்பியது. அதன் கீழே, ‘எங்கள் பதிவின்படி ஜூன் 15 அன்று நீங்கள் முகவரியில் இல்லை’ என்று இருந்தது. பொய் இப்போது பதிவாகி, பதிவு சான்றாகிவிட்டது. தரவைக் கையாளும் எவருக்கும் இந்த நகர்வு தெரியும். களக்குறிப்பில் ஒருமுறை தவறாக எழுதிய ஒரு வரி அட்டவணைக்குள் ஏறி, அட்டவணை கட்டுரைக்குள் ஏறி, பிறகு பிறர் மேற்கோள் காட்டும் உண்மையாகிவிடும். மாணவிக்குச் சினம் வந்தது அப்போதுதான். அதுவரை வெறும் சலிப்பே இருந்தது.

ஜூன் 18 வரை காத்திருந்து, கடைசி நாள் மாலை கைபேசியிலேயே பதிவு செய்தார். மூதாட்டியைப் ‘பி’ என்றே அவர் அழைப்பார். அங்கே மூத்த பெண்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். கண்ணில் கறுப்புக் கண்ணாடியுடன் பி இரண்டு மணி நேரம் சலிக்காமல் பேசினார். தறி, சாயம், நூல் சுற்றும்போது சிறுமியர் சொல்லும் விளையாட்டுச் சொற்கள். வெளியே தகரக் கூரையில் மழை கொட்டியது. கைபேசிப் பதிவில் தொனியின் சுருதி ஓரளவு நம்பகமாகவே கிடைக்கும். ஆனால் இரைச்சலைக் குறைப்பதாக எண்ணிக் கைபேசி செய்யும் திருத்தங்கள் உயிரொலிகளின் அலைவரிசை அமைப்பையும் குரலின் தன்மையையும் கலைத்துவிடும். அதைப் பின்னர் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. மாணவி செய்ய எண்ணியிருந்த ஆய்வில் பாதி அந்தக் கலைந்த பாதியில் இருந்தது. மறுநாள் விடியலில் பி ஊருக்குப் புறப்பட்டார்.

ஜூன் 21, சனிக்கிழமை, பார்சல் வந்தது. கொண்டுவந்த இளைஞனுக்கு இருபது வயதிருக்கலாம். நனைந்த பையை முதுகில் சுமந்து, நூற்றுக்கு மேற்பட்ட படிகள் இறங்கி வந்திருந்தான். மாணவி திரைப்பிடிப்பைக் காட்டி, ஞாயிறன்று யார் வந்தது என்று கேட்டார். அவன் கூசிப்போய்ச் சிரித்தான். “அன்றைக்கு யாரும் வரவில்லை, ஊ,” என்றான். ஊ என்றால் அக்கா. சனிக்கிழமை லாரி இரவில்தான் வந்ததாம். அன்றைய பட்டியலில் ஒப்படைக்காமல் கிடந்தவற்றை மறுநாள் அலுவலகத்திலிருந்தே யாரோ மூடினார்களாம். மூடுவதற்குச் செயலி காரணம் கேட்கும். தன் கைபேசியைத் திருப்பி அந்தப் பட்டியலைக் காட்டினான்: வாடிக்கையாளர் இல்லை, முகவரி தவறு, வாடிக்கையாளர் மறுத்தார், வாடிக்கையாளர் வேறு நாள் கேட்டார். லாரி பிந்தியது என்றோ, ஒரு ஆள் ஒரு நாளில் சுமக்க முடிந்ததைவிட அதிகம் இருந்தது என்றோ அதில் இல்லை. ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த நாளின் பட்டியல் திறக்கும். பொய் சொல்லவேண்டும் என்று அவன் எண்ணவில்லை. உண்மைக்கு அங்கே பொத்தான் இல்லை.

மாணவி அவனுக்குத் தேநீர் கொடுத்தார். தம் மேல் சுமத்தப்பட்ட ‘இல்லை’யை நீக்கும்படி எழுதிய மூன்றாவது மின்னஞ்சலைப் பிறகும் அனுப்பினார், அதில் ஊழியர் எவர்மீதும் நடவடிக்கை வேண்டாம், காரணப் பட்டியலைத் திருத்துங்கள் என்று ஒரு வரியைச் சேர்த்தார். அதற்கும் இரண்டு நிமிடத்தில் ஒப்புகை வந்தது. பின்னொரு நாள், பதிவுகளுக்கான விவரத்தாளில் ‘கருவி’ என்ற கட்டத்தில் ‘கைபேசி’ என்றும் ‘காரணம்’ என்ற கட்டத்தில் நடந்ததை ஏழு வரிகளிலும் எழுதினார். அந்தக் கட்டம் அவ்வளவு நீளத்திற்கு வடிவமைக்கப்பட்டதன்று.

மழை ஓய்ந்த பிறகு, நவம்பரில், சியாகாவுக்குச் செல்லச் சுமோ நிலையத்திற்குப் போய் முன்பதிவு செய்தார். ஐசாலிலிருந்து அது முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மலைப்பாதை. எத்தனை மணிக்கு வண்டி புறப்படும், எத்தனை மணிக்குச் சேரும் என்று கேட்டார். சீட்டு எழுதிக்கொண்டிருந்த முதியவர் பேனாவை நிறுத்தி, வானத்தை ஒருமுறையும் இவர் மடியிலிருந்த கருவிப் பெட்டியை ஒருமுறையும் பார்த்தார்.

“ஆறு மணிக்கு நான் கிளப்பிவிடுவேன். சேருவதைப் பற்றி ஓட்டுநரைத்தான் கேட்கவேண்டும். காலையில் வந்தால் அறிமுகப்படுத்துகிறேன்.”