அப்பாவும் ரேண்டம் நம்பரும்

போன மாசம் அப்பாவோட சட்டையைத் துவைக்க எடுத்தப்போ பாக்கெட்டில் நாலு கேரளா லாட்டரி சீட்டு. அம்மா ஒண்ணும் பேசலை. என் லேப்டாப் மேல வெச்சுட்டுப் போயிட்டாங்க. நீயே கேட்டுக்கோன்னு அர்த்தம்.

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லயே தடை வந்தாச்சு. ஆனா கோயமுத்தூர்க்காரங்களுக்கு வாளையார் தாண்டினா கேரளா. ஞாயித்துக்கிழமையானா "ஒரு ஃப்ரெண்டப் பார்த்துட்டு வர்றேன்"னு அப்பா டிவிஎஸ் எக்ஸ்எல்-ல கிளம்புறதோட ரகசியம் அன்னிக்குத்தான் புரிஞ்சது.

இஞ்சினியரிங் படிச்சுட்டு சும்மா இருக்க முடியுமா? பேப்பர் பேனாவோட அப்பா முன்னாடி உக்கார்ந்தேன். சீட்டு 50 ரூபா, வாரம் நாலு, வருஷத்துக்கு 10,400. பன்னெண்டு சீரிஸ், ஒவ்வொண்ணுலயும் 1,00,000-லேர்ந்து 9,99,999 வரைக்கும் அடிச்சா 1 கோடியே 8 லட்சம் சீட்டு. அதுல ஒண்ணுக்குத்தான் முதல் பரிசு. அமெரிக்காவோட பவர்பால் இன்னும் மோசம், 29 கோடியே 22 லட்சத்துல ஒரு வாய்ப்பு. அப்பா டீயைக் குடிச்சுட்டே கேட்டார். அசரலை.

சரின்னு பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். அயோவா கதை.

எடி டிப்டன்னு ஒருத்தர். அமெரிக்காவில் பல மாநில லாட்டரிகளுக்குக் குலுக்கல் நடத்துற சங்கத்தில் புரோகிராமர், அப்புறம் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கே தலைவர். அங்கே சில குலுக்கல்ல பந்து உருளாது, ரேண்டம் நம்பர் புரோகிராம்தான். கதிரியக்கத்தை அளக்கிற கெய்கர் கருவியிலிருந்து வர்ற எண்ணை வெச்சு அது ஆரம்பிக்கும், யாராலயும் யூகிக்க முடியாது. இவர் நைசா சில வரி சேர்த்துட்டார். வருஷத்துல மூணே நாள், அதுவும் புதனாவோ சனியாவோ இருந்து, ராத்திரி 8 மணி தாண்டியிருந்தா, அவர் கணக்குப்படி யூகிக்கக்கூடிய எண் வரும். ஹாட் லாட்டோன்னு ஒரு லாட்டரி, 1 கோடியே 9 லட்சத்துல ஒண்ணுன்னு இருந்த வாய்ப்பு சில நூறுல ஒண்ணா சுருங்கிடுச்சு. 2010 டிசம்பர் 29 குலுக்கலுக்கு அவரே கடையில் சீட்டு வாங்கினார். பரிசு 1 கோடியே 65 லட்சம் டாலர். ஆள் யாருன்னு சொல்லாம வக்கீல் மூலமா கேட்டுப் பார்த்தாங்க, நடக்கலை. 2014-ல கடையோட கேமரா வீடியோவை வெளியிட்டதும், கூட வேலை பார்த்தவங்களே குரலை அடையாளம் சொல்லிட்டாங்க. 2017-ல 25 வருஷம் வரைக்கும் சிறைன்னு தீர்ப்பு.

(இதைப் படிச்சப்போ எனக்கே வயித்தைக் கலக்குச்சு. ஆபீஸ் பொங்கல் விழாவுக்கு லக்கி டிரா புரோகிராம் எழுதினது அடியேன். ரேண்டமுக்கு விதையா அப்போதைய நேரத்தைத்தான் போட்டேன். முதல் பரிசு டீம் லீடுக்கே விழுந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் யாரும் என்னை நம்பலை :-( )

"பாத்தீங்களாப்பா, எல்லாம் உள்ளுக்குள்ள இருக்கறவன் கையில"ன்னேன்.

அப்பா சிரிச்சார். "அதுக்குத்தான் கண்ணு கேரளாவுல கம்ப்யூட்டர வுட்டுட்டு மெஷின வெச்சுருக்கறாங்க. திருவனந்தபுரம் கோர்க்கி பவன்ல மத்தியானம் மூணு மணிக்கு, எல்லாத்து முன்னாடியும் பட்டன அமுத்தறாங்க. நான் லைவ்ல பாக்கறனல்லோ."

எனக்கு வாயடைச்சுப் போச்சு. குலுக்கலை எப்படி நம்பறதுன்னு மனுஷன் நமக்கு முன்னாடியே யோசிச்சிருக்கார். இருந்தாலும் விடலை. "நேர்மையாவே நடக்கட்டும்பா. ஒரு கோடி விழுந்தாலும் 30 சதவீதம் வரி. வித்த காசு மொத்தமும் பரிசா திரும்பி வராது. நேர்மையான மெஷின்லயும் தோக்கறது நாமதான்."

அப்பா ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துட்டு இருந்தார்.

"தெரியும் சாமி. லேத் பட்டறைக் கடனை நீ கட்டீட்டு இருக்கற. என்ர கடனை என்ர காசுல அடைக்கோணும். இந்த வயசுக்கு மேல எனக்கு வேற எந்த வழி இருக்குது, சொல்லு பாக்கலாம்?"

மாசா மாசம் சம்பளம் வந்ததும் அந்தத் தவணை என் கணக்கிலிருந்து தானாப் போயிடும். அது அவருக்கு எப்படி இருக்கும்னு நான் ஒருநாளும் யோசிச்சதில்லை. பேப்பரை மடிச்சு வெச்சுட்டேன்.

போன ஞாயிறு நானும் வண்டியில பின்னாடி உக்கார்ந்து வாளையார் போனேன். நாலு வேண்டாம், ஒண்ணு போதும்னு பேசி முடிச்சிருக்கோம். மூணு மணிக்கு ரெண்டு பேரும் ஒரே போன்ல லைவ் பார்த்தோம். விழலை.

டிஸ்கி: அம்மாவுக்கு இன்னும் சொல்லலை. யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க மக்களே!