கணக்குக் கேட்ட ஊர்

குடவோலைத் தேர்தல் கல்வெட்டு உள்ள உத்திரமேரூர்தான் எங்கள் ஊர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வைகுண்டப் பெருமாள் கோவிலில் வெட்டியவை.

பெருமை இருந்தென்ன? சின்ன ஊரில் குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் கஷ்டம் தெரியும். பால் பாக்கெட்டில் அச்சடித்திருப்பது ஒரு விலை, கடையில் வாங்குவது ஒரு விலை. கேட்டால், "ஃபிரிட்ஜில வெச்சதுக்கும்மா" என்பார். காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவருக்குத் தனி!

போன மாதம், மாசமாக இருக்கும் மகளை ஸ்கேன் எடுக்கக் காஞ்சிபுரம் அழைத்துப் போனேன். 2021-லிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். திரும்பும்போது அதைத் தவற விட்டோம். 2023 செப்டம்பரில் இதே காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம். அதில் பாதி ஆட்டோவுக்கே போயிற்று.

மறுநாள் கோவிலில் மகளிடம் சொன்னேன்: "வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவங்க மறுபடி தேர்தல்ல நிக்கக் கூடாதுன்னு இந்தச் சுவத்துல எழுதியிருக்குடி!"

"அப்ப பால் கடையில நீ ஏன் கேக்கல?" என்று சிரித்தாள்.

கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே இரண்டு ரூபாய் திருப்பித் தந்தார். மாதத்துக்கு 60 ரூபாய். சகோதரிகளே, கணக்கு எழுதினால் மட்டும் போதாது. வாய் திறந்து கேட்கவும் வேண்டும்.