மழை காணாத வீடுகள்

பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டு, சில மாதங்களுக்குள் மறுபடியும் விக்கிரயம் செய்து லாபம் காணும் தொழில் சென்னையில் முன்பெல்லாம் தரகர்கள் சிலரோடு நின்றிருந்தது. இப்போதோ உத்தியோகத்தில் இருப்பவர்களும், வெளிநாட்டிலிருந்து சேமிப்போடு திரும்பியவர்களும், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தை என்ன செய்வதென்று யோசிப்பவர்களும் அதில் இறங்குகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக வீடுகளைப் பார்த்து, அவற்றின் உண்மையான ஸ்திதி இன்னதென்று எழுதிக் கொடுப்பது சிவில் இன்ஜினீயராகிய என் ஜீவனம். அவர்களில் பெரும்பாலோர் கிரயம் முடிந்த பிறகுதான் என்னைத் தேடி வருகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியதும் அதுதான்.

பத்திரங்களைப் பரிசீலிப்பதில் நம்மவர்கள் காட்டும் சிரத்தை மெச்சத்தக்கது. மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று என்று சகலத்தையும் வக்கீலிடம் ஒப்படைத்து, வரி வரியாகப் படிக்கச் செய்து, ஒரு வாரிசின் கையெழுத்து விட்டுப்போயிருந்தாலும் அதைச் சரி செய்யும் வரையில் முன்பணத்தை நிறுத்தி வைக்கிறார்கள். வாஸ்து பார்க்கிறவர் வருகிறார். கடன் வாங்குவதானால் வங்கியின் மதிப்பீட்டாளரும் வந்து போகிறார். ஆனால் அவர் வருவது, கொடுக்கப்போகும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று கணிக்க. கூரைக்குள் இருக்கும் கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது அவருக்கு இட்ட பணி அல்ல. எனினும், ‘பேங்க்காரங்களே பார்த்துட்டுப் போயிட்டாங்க சார்’ என்று சொல்லித் திருப்தியடைந்துவிடும் மனிதர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். மறுவிற்பனைக்கு வரும் வீட்டின் கட்டுமானத்தைப் பரிசோதித்தே தீரவேண்டும் என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகையால் அந்த ஒரு காரியம் மட்டும் தட்டிப்போகிறது.

தட்டிப்போவதற்குப் பண நிர்ப்பந்தமும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் கிரயப்பத்திரம் ஒன்றுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆக, ஒரு கோடி ரூபாய்க்கு வாங்கியவர் சாவியைக் கையில் வாங்கும் முன்பே ஒன்பது லட்சத்தைக் கொடுத்துவிடுகிறார். அவரிடமிருந்து வாங்கப்போகிறவரும் அதே விகிதத்தில் கொடுக்க வேண்டியிருப்பதால், அதையும் மனத்தில் வைத்துத்தான் விலை பேசுவார். 24 மாதங்களுக்குள் விற்றால் வரும் ஆதாயம் குறுகிய கால ஆதாயமாகக் கருதப்பட்டு, மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படுகிறது. இவற்றோடு மாதா மாதம் ஏறும் வட்டியையும் கூட்டிப் பார்த்தால், கையில் மிஞ்சக்கூடியது எவ்வளவு மெல்லியதென்று விளங்கும். அந்த மெல்லிய லாபத்தைக் காப்பாற்றுவதற்காக எதையாவது குறைக்கவேண்டும் என்ற நிலை வரும்போது, கண்ணுக்குத் தெரியும் சமையலறை மேடையையும் கிரானைட்டையும் எவரும் குறைப்பதில்லை; கண்ணுக்குத் தெரியாத பரிசோதனையையே குறைக்கிறார்கள்.

இந்த வியாபாரத்துக்கு ஒரு பஞ்சாங்கமும் உண்டு. மார்கழியில் கிரயம் செய்யமாட்டார்கள். பொங்கல் கழித்துத் தை மாதத்தில் வாங்குவார்கள். மாசி தொடங்கி ஆனி வரையில் வேலை நடக்கும். ஆடியை விட்டு ஆவணியில் விற்றுவிடுவார்கள். இந்தக் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் இல்லை. சென்னையின் வருஷாந்தர மழையில் பெரும்பகுதியைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்றை, வாங்கியவரோ, வேலை செய்த மேஸ்திரியோ, அவரிடமிருந்து வாங்கப்போகும் குடும்பத்தாரோ அந்த வீட்டுக்குள் இருந்து ஒருநாளும் பார்ப்பதில்லை. கோடையில் காய்ந்து கிடக்கும் சுவரில் ஓதம் இருப்பதாகவே தோன்றாது. பூத்திருந்த உப்பைச் சுரண்டிவிட்டுப் பட்டி பார்த்து இரண்டு கோட் பெயின்ட் அடித்தால் சுவர் கண்ணாடி போல் ஆகிவிடும். அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு இல்லாத பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூச்சும் கொடுத்துவிட்டால், முன்பு சுவரின் வழியே ஆவியாகி வெளியேறிக்கொண்டிருந்த ஈரம் வழியடைபட்டு இன்னும் மேலே ஏறி, முழங்கால் உயரத்தில் நின்றிருந்த கறை அடுத்த மழைக்காலத்தில் இடுப்பு உயரத்தில் வந்து நிற்கும். அப்போது அந்த வீட்டில் குடியிருப்பவர் வேறொருவர்.

விரிசலும் அப்படித்தான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த களிமண் பகுதிகளில், மண் மழைக்கு உப்பிக் கோடைக்குச் சுருங்குவதால், ஜன்னலின் மூலையிலிருந்து கோணலாக ஏறும் விரிசல்கள் சாதாரணமாகக் காணக்கூடியவை. அவற்றில் சில என்றோ உண்டாகி அடங்கிப்போனவை. சில இன்னும் நகர்ந்துகொண்டிருப்பவை. இரண்டையும் பிரித்தறிய எளிய உபாயம் ஒன்று உண்டு: விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில் ஒன்றை இரு முனைகளிலும் சாந்து வைத்துப் பதித்து, தேதியையும் பக்கத்தில் எழுதிவிட்டுக் காத்திருப்பது. சில் உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். ஆனால் இதற்குச் சில மாத காலம் வேண்டும். வட்டி கட்டிக்கொண்டிருப்பவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடிவதில்லை. அவர் பட்டி அடைக்கச் சொல்லிவிடுகிறார்.

என் அபிப்பிராயத்தில் இவை எல்லாவற்றையும்விட அபாயகரமானது கூரை. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் முப்பது நாற்பது வருஷங்களுக்கு முன் கட்டிய அடுக்குமாடி வீடுகளில், ஸ்லாபின் அடிப்பக்கத்தில் கம்பி வெளியே தெரிந்து, துரு கசிந்து, காங்கிரீட் பொருக்கு பொருக்காக விழுந்திருப்பதைக் காணலாம். புதுக் காங்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரமே உள்ளிருக்கும் கம்பியின்மீது கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி, துரு ஏறாமல் பாதுகாக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே புகுந்து காரத்தைத் தணித்துவிட்டாலோ, கடற்காற்றின் உப்பு கம்பியை எட்டிவிட்டாலோ, அந்தக் காப்பு அழிகிறது. துருவாக மாறிய இரும்பு முன்னிருந்ததைப்போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்தபடியே காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. 2000-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 விதிகள் கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் காங்கிரீட்டில் கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவரிங், அதாவது அதை மூடிய காங்கிரீட்டின் கனம், இருக்கவேண்டும் என்கின்றன. அதற்கு முந்திய கட்டடங்கள் பலவற்றில் ஒரு விரற்கடை கனம்கூட நான் கண்டதில்லை.

இதைச் சோதிக்கும் முறையை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். சந்தேகமான இடத்தில் சிறு உளியால் கம்பி தெரியும் ஆழம் வரையில் கொத்தி, தூசியைத் தூரிகையால் நன்றாகத் துடைத்துவிட்டு, பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பேன். காரம் மிச்சமிருக்கும் காங்கிரீட் அந்தக் கணமே அழுத்தமான ரோஜா நிறம் கொள்ளும். காரம் அற்றுப்போன பகுதி நிறமில்லாமல் வெறும் சாம்பலாகவே நிற்கும். நிறமற்ற பகுதி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது என்று அளந்து, கம்பி எத்தனையாவது மில்லிமீட்டரில் கிடக்கிறது என்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கம்பி நிறமற்ற பகுதிக்குள் கிடந்தால், வெளியே ஒரு கீறலும் தெரியாவிட்டாலும், அதன் காப்பு போய்விட்டது. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு குளியலறைக் குழாயின் விலைகூட இராது. இதைச் செய்யாமல், விழுந்த இடத்தை மட்டும் கொத்திவிட்டு, சிக்கன் மெஷ் வைத்துச் சிமென்ட் பூசி, அதன் கீழே ஜிப்சம் பலகையால் பொய்க்கூரை அமைத்து, வரிசையாக விளக்குகளைப் பொருத்திவிட்டால், துரு தன் வேலையை நிறுத்துவதில்லை. அந்த வேலையை இனி எவரும் பார்க்க முடியாது என்ற வித்தியாசம் ஒன்றுதான் ஏற்படுகிறது. படுக்கையில் மல்லாந்து கிடக்கும் குழந்தைக்கு மேலே அது நடந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கங்களில் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் விலைக்கு வருகின்றன. தேக்குச் சட்டங்களை நெருக்கமாக வரிசையிட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்த அந்தக் கூரைகள் நம் கொத்தர்களின் அறிவுக்கு உயர்ந்த சாட்சியங்கள். அவற்றைப் பார்க்கும் முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் முதிய மேஸ்திரி ஒருவர். ‘கட்டையோட நடுவுல பாக்காதீங்க சார், நடு எப்பவும் நல்லாத்தான் இருக்கும். சுவத்துக்குள்ள போற எடத்தைப் பாருங்க’ என்பார். காற்றுப் படாமல் ஈரச் சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த முனையில்தான் கரையானும் உளுப்பும் குடிகொள்ளும். சிறு சுத்தியலால் நடுவிலிருந்து சுவரை நோக்கித் தட்டிக்கொண்டே போனால், ‘கணீர்’ என்று கேட்டுக்கொண்டிருந்த ஓசை சுவரை நெருங்கும்போது ‘தொப்’பென்று விழுவதைக் காதாலேயே அறியலாம். பிறகு கூரிய ஊசியால் குத்திப் பார்த்தால், நல்ல தேக்கில் நுனி மட்டும் இறங்கும். கெட்ட தேக்கில் விரல் நீளமும் தடையின்றிப் போகும்.

மயிலாப்பூரில் அத்தகைய வீடொன்றை வாங்கிய ஒருவர், ஒப்பந்தக்காரர் சொன்னபடி மாடியில் இரண்டு அங்குலக் காங்கிரீட் போட்டு, அதன்மேல் வெயில் தாங்கும் வெள்ளை ஓடு பதித்து, ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியையும் ஏற்றி, உள்ளே பொய்க்கூரையும் முடித்த பிறகு, பலகையின் இணைப்புகளில் கீறல் விடுகிறதே என்று என்னை அழைத்தார். இரண்டு அங்குலக் காங்கிரீட் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய 120 கிலோ. தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் ஒரு டன். பலகையைக் கழற்றி ஏணியில் ஏறிப் பார்த்தபோது, மேற்குச் சுவரில் தாங்கியிருந்த சட்டங்களின் முனைகள் மாவாகிப் போயிருந்தன. கையால் தொட்டதும் உதிர்ந்தன. அன்றே தொட்டியைக் காலி செய்து, முட்டுக்கொடுத்து, புதிதாகப் பதித்ததையெல்லாம் பெயர்த்து, இரும்பு உத்திரங்களைச் செலுத்தவேண்டி வந்தது. கிரயத்துக்கு முன்பு தெரிந்திருந்தால் விலையில் கழித்திருக்கக்கூடிய தொகை, வேலை முடிந்த பிறகு தெரிந்ததால் பன்மடங்காகி அவர் தலைமேல் விழுந்தது. ஆயினும் அது விற்பனைக்கு முன்பு தெரிந்ததே என்று நான் ஆறுதல் அடைந்தேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். விசாலமான ஹால் வேண்டுமென்று நடுச்சுவரை எடுக்கிறார்கள்; பாரம் தாங்கும் ஒன்பது அங்குலச் சுவரா, வெறும் தடுப்புச் சுவரா என்று மேஸ்திரியின் வாய்மொழியை மட்டும் நம்பி எடுப்பது கூடாது. குளியலறையில் பழைய ஓட்டின்மேலேயே புது ஓடு பதிப்பதற்கு முன்னால், போக்குவாயை அடைத்துத் தண்ணீரை நிறுத்தி, ஒருநாள் முழுதும் கீழ்வீட்டுக் கூரையைக் கவனிக்கவேண்டும். பழைய ஒயரிங்கில் எர்த் என்பதே இல்லாத வீடுகள் ஏராளம். ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்து அளக்காமல் அவற்றில் ஏ.சி. மாட்டுவது நெருப்போடு விளையாடுவது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, விற்பவருக்குத் தெரிந்தும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுகொள்ள முடியாமலும் இருக்கும் முக்கியமான குறையை விற்பவர் வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர் என்கிறது. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம், கட்டுமானக் குறைகளுக்கு ஐந்து வருஷம் வரையில் பொறுப்பேற்கும்படி கட்டுநரைப் பணிக்கிறது. பழைய வீட்டைப் புதுக்கி மறுவிற்பனை செய்பவரிடமிருந்து வாங்கும் குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிட்டுவதில்லை. ‘எனக்குத் தெரியாது’ என்பதே விற்பவருக்கு அரணாகிவிடுமல்லவா, பின் எதற்காகத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று என்னிடம் நேராகவே வினவியவர்களும் உண்டு. துருப்பிடித்த கம்பிக்குக் கீழே பலகை அடிக்க ஆள் வைத்தவர், அந்தக் கம்பியைத் தாம் பார்க்கவில்லை என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அப்படிப்பட்டவர்களுக்கு நான் வேலை செய்வதில்லை.

முன்பணம் கொடுக்கும் முன்பே அழைப்பவர்கள் இப்போது ஓரளவு பெருகியிருக்கிறார்கள். முடிந்தால் கார்த்திகையில் வாருங்கள், மழை பெய்துகொண்டிருக்கும்போதே வீட்டைப் பார்ப்போம் என்று அவர்களிடம் சொல்கிறேன். குறைகள் உள்ள வீட்டை வாங்கவே கூடாது என்று நான் சொல்வதில்லை. குறைக்குரிய செலவை விலையில் கழித்துக்கொண்டு, அந்தப் பணத்தை அந்தக் குறைக்கே செலவிடுங்கள் என்பதே என் யோசனை. சென்ற வருஷம் மேற்கு மாம்பலத்தில் பழைய வீடொன்றை அப்படி வாங்கிய அன்பர், கூரையைப் பிரித்துக் கெட்ட சட்டங்களை மாற்றி, வேலையின் ஒவ்வொரு படியையும் புகைப்படம் எடுத்து, விற்கும்போது அந்தப் படங்களையும் என் அறிக்கையையும் பத்திரக் கட்டோடு சேர்த்துக் கொடுத்தார். வாங்கிய அம்மாள் குடிபுகுந்த பின், பூஜை அறையில் மணி தொங்கவிடக் கொக்கி போடவேண்டும், எந்தச் சட்டத்தில் போடலாம் என்று கேட்டு என்னிடம் தொலைபேசியில் பேசினார். ‘ஆறாவதும் ஏழாவதும் புதுசும்மா, அதுல போடுங்க. எட்டாவது பழசு, நல்லாத்தான் இருக்கு, இருந்தாலும் அதுல ஓட்டை போடவேண்டாம்’ என்று படத்தில் இட்டிருந்த எண்களைப் பார்த்துச் சொன்னேன்.