கால்களுக்கும் ஒரு பாதை



பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில், லயத்திலிருந்து பள்ளிக்குச் செம்மண் பாதையில் பிள்ளைகள் கூடி நடந்தனர். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின, சாலைகள் அகன்றன, ஒற்றையடிப் பாதைகள் மறைந்தன.

சிலிபின் சாலையோரம் நடக்கும்போதெல்லாம் நான் எண்ணுவதுண்டு: நல்ல நடைபாதைக்கு நிழல் வேண்டும், அச்சமின்றிச் சாலையைக் கடக்க இடம் வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாக, தொடர்ச்சி வேண்டும். நூறு அடி பாதையிருந்தும் பத்து அடி இல்லையெனில், அந்தப் பத்து அடியில் குழந்தை வண்டிகளுக்கிடையே இறங்க நேரிடும்.

நெதர்லாந்து நாட்டில் 1971ஆம் ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். பெற்றோர் திரண்டெழுந்து போராடினர். 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடும் வந்தது. அதன்பின் அங்கே மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகள் பெருகின. நம் நாட்டிலும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிள்களுக்குத் தனித்தடம் அமைந்தது. மெல்லச் செல்வோரை விரைந்து செல்வோரிடமிருந்து பிரிப்பது நமக்குப் புதிதன்று.

சிலிபின் சாலையை ஒட்டிச் சுங்கை பாரி ஓடுகிறது. ஆற்றங்கரை மேடுபள்ளமற்றது, குறுக்கிடும் சந்திகளும் குறைவு. மரமும் தடுப்புக் கம்பியும் அமைத்தால் அது நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் உகந்த வழியாகுமன்றோ?

நீங்கள் பள்ளிக்கு வரும் வழியைப் படமாக வரையுங்கள். அச்சந்தரும் இடங்களைச் சிவப்பு மையால் குறியுங்கள். பெற்றோரும் ஆசிரியரும் அதனை மாநகர் மன்றத்திடம் கொண்டு செல்லட்டும். பாதை வகுப்போர் முதலில் காண வேண்டிய வரைபடம் அதுவே.