தூணுக்குப் பின்னால் ஒரு சீட்

பாஸ்டனுக்குப் படிக்க வந்து இரண்டு வருஷம் ஆகியும் ஃபென்வே பார்க் பக்கம் நான் போனதே இல்லை. பேஸ்பால் புரியாது என்பது ஒரு காரணம். டிக்கெட் விலை இன்னொன்று. (ரெண்டாவதுதான் நிஜக் காரணம், ஹி ஹி.) போன மாசம் ரூம்மேட், "டேய், ரெண்டு டிக்கெட் சல்லிசா கிடைச்சுது, கிளம்பு" என்று இழுத்துக்கொண்டு போனான். ஏன் சல்லிசு என்பது உள்ளே போய் உட்கார்ந்ததும் தெரிந்தது. எனக்கும் பந்து வீசுகிறவருக்கும் நடுவே ஒரு இரும்புத் தூண்!

சீட் மரத்தாலானது. 1934-இல் போட்ட பலகைகள். அந்தக் காலத்து மனிதர்கள் ரொம்ப ஒல்லி போலிருக்கிறது. முட்டி முன் சீட்டில் இடிக்கிறது.

இந்த மைதானத்தில் முதல் மேட்ச் நடந்தது 1912 ஏப்ரல் 20. டைட்டானிக் மூழ்கி ஐந்தே நாள் ஆகியிருந்தது. அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸ், பின்னால் யாங்கீஸ் என்று பேர் மாற்றிக்கொண்ட நியூயார்க் அணியை 11 இன்னிங்ஸில் 7-6 என்று ஜெயித்தது. இன்று மேஜர் லீக் மைதானங்களில் இதுதான் ரொம்பப் பழசு. 1999-இல் பக்கத்திலேயே புதிதாகக் கட்டலாம் என்று திட்டம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். 2002-இல் அணியை வாங்கிய புது முதலாளிகள் பழசையே சரி செய்துகொள்ளலாம் என்று முடிவு கட்ட, மைதானம் தப்பித்தது. கூடவே என் தூணும்.

மேட்சுக்கு முன்னால் சுற்றிக் காட்டும் டூர் ஒன்று உண்டு. அதில் போனது நல்லதாகப் போயிற்று. தூரத்தில் பச்சை சீட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு சீட். 1946 ஜூன் 9 அன்று டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து அங்கே உட்கார்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியைப் பதம் பார்த்ததாம். (ஹோம் ரன் என்பது நம் சிக்ஸர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

ஆனால் எல்லோரும் பார்க்க வருவது இடது பக்கச் சுவரை. செல்லப் பேர் கிரீன் மான்ஸ்டர். பின்னாலேயே தெரு போவதால் அந்தப் பக்கம் மைதானத்தை நீட்ட இடம் இல்லை. தூரம் 310 அடிதான். அதனால் சுவரை 37 அடிக்கு ஏற்றிவிட்டார்கள். கீழ்ப் பகுதியில் ஸ்கோர் போர்டு, உள்ளே ஆட்கள் இருந்து எண் பலகைகளைக் கையால் மாட்டுகிறார்கள். அதில் மேலிருந்து கீழாகச் சில வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும். வெறும் டிசைன் என்றுதான் நினைத்தேன். இல்லையாம், மோர்ஸ் தந்திக் குறிகளாம். 1933-இல் அணியை வாங்கிய டாம் யாக்கி, அவர் மனைவி ஜீன், இருவரின் இனிஷியல்கள். அட, எவ்வளவு அழகு என்று ஆசையாகப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ராத்திரி ரூமுக்கு வந்து யார் இந்த யாக்கி என்று படித்தபோதுதான் சுருக்கென்றது. 1945 ஏப்ரல் 16 அன்று ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ் என்ற மூன்று கறுப்பின வீரர்களை இதே மைதானத்துக்குத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். அதுவும் மனசாரக் கிடையாது. நகர சபை உறுப்பினர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு அனுமதி தரமாட்டேன் என்று மிரட்டியதால். ராபின்சன் அந்தச் சுவரில் மோத மோத அடித்தாராம். அப்போது அது பச்சையாகவும் இல்லை, விளம்பரங்கள் நிறைந்த சுவர். பச்சை பூசியது 1947-இல்.

ரெட் சாக்ஸிலிருந்து மூவருக்கும் அழைப்பு வரவில்லை.

ராபின்சன் 1947-இல் புரூக்ளின் அணிக்கு ஆடி அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் ஆனார். ஜெத்ரோ 1950-இல் அதே பட்டம் வாங்கினார், அதுவும் இதே ஊரின் இன்னொரு அணியான பிரேவ்ஸுக்கு ஆடி! ரெட் சாக்ஸ் முதல் கறுப்பின வீரராக பம்ப்ஸி கிரீனைக் களம் இறக்கியது 1959 ஜூலையில். மேஜர் லீக்கில் கடைசி அணி அதுதான். அப்போதும் முதலாளி யாக்கிதான்.

ரூம்மேட்டை எழுப்பிச் சொன்னேன். "இதெல்லாம் அப்பவே தெரிஞ்சிருந்தா எட்டாவது இன்னிங்ஸ்ல அப்படிக் கத்திப் பாடியிருப்பியா மச்சி?" என்றான். எட்டாவது இன்னிங்ஸ் நடுவில் மொத்த மைதானமும் சேர்ந்து 'ஸ்வீட் கரோலைன்' பாடும். வரி தெரியாமலே நானும் கத்தியிருந்தேன். பாடியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். தெரியவில்லை.

மைதானத்து வாசல் தெருவுக்கு 1977-இல் யாக்கி வே என்று பேர் வைத்தார்கள். 2018-இல் அணியே கேட்டுக்கொண்டு அதை மாற்றி, பழையபடி ஜெர்சி ஸ்ட்ரீட் ஆக்கிவிட்டார்கள். நான் எடுத்த போட்டோவில் அந்தப் புள்ளிகளும் கோடுகளும் பளிச்சென்று இருக்கின்றன. ஓரத்தில் பாதித் தூணும் விழுந்திருக்கிறது.