கும்பளங்கியும் ஒரு மோட்டார் சைக்கிளும்

மட்டாஞ்சேரியில் வாழும் நம்மவருள் பலர் கும்பளங்கியைக் கண்டிருப்பர். ஆயினும், என்ஜினைப் பற்றி ஆலோசிப்பதற்காக அங்குச் சென்றவர் எம்மையன்றி வேறெவரும் இரார் என்றே கருதுகிறேன்.

சென்ற ஞாயிறு காலை, தமையனார் மகன் தன் ராயல் என்பீல்டு இன்டர்செப்டரில் என்னை ஏற்றிக்கொண்டான். தோப்பும்படி, பள்ளுருத்தி, பெரும்படப்பு ஆகியவற்றைக் கடந்து பாலம் ஏறினோம். அப்பால் கடைத்தெரு இரைச்சல் இல்லை. எங்கும் காயல், மழைக்காலத்தில் பொக்காளி நெல்லும், பின்னர் இறாலும் விளையும் வயல்கள், கரையோரம் சீன வலைகள். 2003-இல் இச்சிற்றூர் மாதிரிச் சுற்றுலாக் கிராமமாக்கப்பட்டது.

பையன் ஆண்டிற்கு இருமுறை மனைவியுடன் மூணாறு வழியே போடிக்குச் சென்று தாயைக் கண்டு வருகிறான். திரும்புகையில் போடிமெட்டின் வளைவுகளில் வண்டி திணறுகிறதாம். பட்டறைக்காரர் ஒருவர், "பந்தயக் கேம் போடுங்கள், எரிபொருள் டியூனரும் வாங்குங்கள்" என்று ஆசை காட்டியிருக்கிறார். அதற்காகச் சேமிப்பு முழுவதையும் எடுக்கத் துணிந்துவிட்டான்.

வலையடியில் அமர்ந்தோம். மூங்கிலின் ஒருபுறம் வலை, மறுபுறம் தொங்கும் கற்கள். கல் மிகுந்தால் வலை நீரில் இறங்காது. குறைந்தால் மேலே எழாது. "உன் என்ஜினிலும் இத்தகைய நெம்புகோல் உண்டு. அதன் ஒரு முனையைக் கேமின் மேடு தள்ள, மறுமுனை வால்வைத் திறக்கிறது" என்றேன்.

பந்தயக் கேம் வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும். நிமிடத்திற்கு 7,000 சுற்றில் அதனால் நன்மையுண்டு. 2,500 சுற்றிலோ, உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும், இழுவிசை குன்றும். இருவரும் மூட்டையுமாக மேடேறுபவனுக்கு வேண்டியது அந்தக் கீழ்ச்சுற்று இழுவிசையே. மாற்றித்தான் ஆகவேண்டுமெனில், நடுச்சுற்றில் வலுத்தரும் மென்மையான கேமையே தேடவேண்டும்.

"டியூனராவது வாங்கலாமா, சித்தப்பா? மூணாறு உயரத்தில் காற்று மெலிந்ததல்லவா?"

கார்புரேட்டர் காலத்துக் கவலை அது! இன்றைய வண்டி காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். சீரான ஓட்டத்தில், புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரி கலவையை 14.7-க்கு 1 என்ற அளவையொட்டி நிறுத்தும். கேமை மாற்றினால் பழைய கணக்குப் பொருந்தாது. அப்பொழுதே டியூனர் அவசியமாகும். அதனையும் சோதனை உருளைமேல் வண்டியை ஓட்டி, கலவையை அளந்து பொருத்தவேண்டும். எல்லா வண்டிக்கும் ஒரே கணக்கை எழுதி விற்கும் பெட்டி எனக்குப் பிடிப்பதில்லை.

சட்டமும் உண்டு. பதிவு விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிற்கு முரணாகுமாறு வண்டியை மாற்றலாகாதென, கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. "பதிவுப் புத்தகத்தில் கேமை எழுதுவதில்லையே!" என்றான். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரரிடம் இந்த வாதம் செல்லுமா?

பின்சக்கரப் பற்சக்கரத்தில் இரண்டு பல் கூட்டினால் சுமார் 5 சதவீதம் இழுவை பெருகும், செலவும் சொற்பம். அதற்கும் முன்னர், வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துப் பார்க்கச் சொன்னேன். சற்று முகம் சுருங்கியது.

கரிமீன் சாப்பாட்டின்போது தாய்க்குத் தொலைபேசியில் பேசினான். கோடையில் இக்காயல் இரவில் நீலமாய் ஒளிருமாம், கவரு என்பர். அம்மையாரைப் பங்குனியில் இங்கு அழைத்துவரப் போகிறான், பேருந்தில்.