ஐந்தாம் நிலை

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி. மதியம் மட்டும் சாப்பாடு. கறி, மீன் கிடையாது. சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதை: இயேசு சிலுவை சுமந்து போன வழியை நிலை நிலையாக நின்று தியானிக்கும் செபம். சிறு வயதிலிருந்து ஊறிப்போன பழக்கம். வேலை நிமித்தம் புளியஞ்சோலைப் பக்கம் வந்து தங்கியபோது நடந்துபோகிற தூரத்தில் கோவில் இல்லை. அதனால் கொல்லிமலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையிலேயே சிலுவைப்பாதை செய்ய ஆரம்பித்தேன்.

நிலைகள் 14 என்று 1731-இல் வரையறுத்தவர் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட். கோவிலில் அவை சுவரில் மாட்டிய படங்கள். இங்கே எனக்கு ஒரு பாறை ஒரு நிலை, ஒரு புளியமரம் இன்னொரு நிலை. மாசி, பங்குனியில் அய்யாறு மெலிந்து கூழாங்கற்களுக்கு இடையே ஓடும். புளி உலுக்கும் காலமும் அதுதான். பெண்கள் சாக்கை விரித்து உட்கார்ந்து ஓடு தட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஐந்தாம் நிலையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: சீமோன் சிலுவை சுமக்க உதவும் இடம். மலையிலிருந்து வாழைத்தார்களோடு இறங்கி வந்த பெரியவர் ஒருவர் இளைப்பாறச் சுமையை இறக்கி வைத்திருந்தார். திரும்பத் தூக்க ஆளில்லை. "தம்பி, ஒரு கை குடு. தலையில ஏத்தி விடு" என்றார். ஏற்றிவிட்டு, ஒரு தாரை நான் தோளில் வைத்துக்கொண்டேன். காம்பிலிருந்து பால் வடிந்து சட்டையில் இறங்கியது. பஸ் நிற்கும் இடம் வரை அவர் முன்னே நடக்க, நான் பின்னே போனேன். மீதி ஒன்பது நிலைகளை அன்று சொல்லவில்லை. விட்டுப்போனதாகவும் தோன்றவில்லை.

அன்றிரவு மாற்கு நற்செய்தியை எடுத்து வாசித்தேன். சிரேன் ஊர்ச் சீமோன் வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவன். அலக்சாந்தர், ரூபு என்பவர்களின் தகப்பன். சிலுவையைச் சுமக்க அவன் விரும்பி முன்வரவில்லை, பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். பக்தியோடு வந்தவன் என்று ஒரு சொல்கூட இல்லை. போகிற வழியில் எதிர்ப்பட்ட சுமை அது. அதைத் தூக்கியதால்தான் இன்றும் ஒவ்வொரு வெள்ளியும் அவன் பெயரைச் சொல்கிறோம்.

இதே மலையின் மேல் அப்படிச் சுமந்தவர்கள் இருந்தார்கள். ஜெஸ்ஸி பிராண்டும் எவ்லின் பிராண்டும் 1913-இல் இங்கே குடியேறினார்கள். அவர்கள் பாப்டிஸ்ட் சபையின் மிஷனரித் தம்பதியினர். ஜெஸ்ஸி காய்ச்சல்காரர்களுக்கு மருந்து கொடுத்தார். நரம்புச்சிலந்திப் புழுவை வெளியே எடுத்துப் புண்ணைக் கழுவினார். 1929-இல் மலேரியா முற்றி வந்த கருநீர்க் காய்ச்சலில் இந்த மலையிலேயே இறந்தார். எவ்லின் பணியை விடவில்லை. சபை ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்கே திரும்பி வந்து, 1974-இல் 95 வயதில் இறக்கும்வரை மலைமக்களோடு வாழ்ந்தார். கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். 1914-இல் பிறந்து இங்கே வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர்.

ஒருசந்தியை நான் கைவிடவில்லை. வயிறு காலியாக இருக்கும்போதுதான் அடுத்தவர் பாரம் கண்ணில் படுகிறது; இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆனால் அந்தப் பசி என்னோடு நின்றுவிட்டால் அது வெறும் பட்டினி. அதனால் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இன்னொரு வேலையும் சேர்த்துக்கொண்டேன். அரசு ஆஸ்பத்திரிக்குத் துணையில்லாமல் போகிறவர்கள் யாராவது இருந்தால் கூடப் போவேன். சீட்டு வாங்குவது, வரிசையில் நிற்பது, மாத்திரை எப்போது போடுவது என்று இரண்டு தரம் சொல்லிக் கொடுப்பது, இவ்வளவுதான். சில வெள்ளிகளில் இதிலேயே பொழுது சாய்ந்து, சிலுவைப்பாதையில் பாதிதான் சொல்ல முடிகிறது. சொல்ல முடிந்ததை முழு மனதோடு சொல்கிறேன்.

சீமோன் எவ்வளவு தூரம் சுமந்தான் என்று நற்செய்தி சொல்லவில்லை. கொஞ்ச தூரமாகவே இருந்திருக்கலாம். அந்தக் கொஞ்ச தூரத்துக்காவது சுமை தோள் மாறியது. தவக்காலம் என்னிடம் கேட்பதும் அதுதான்.